“நெட் இல்லை டீச்சர்” என்றால் என்ன பொருள்?



வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் எங்கள் சிறு குழுவுக்கு மூன்று இடங்களில் அறைகள் உள்ளன. ஒன்று, சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், பழைய கடைவீட்டின் இரண்டாம் மாடி. மற்றொன்று உட்லண்ட்ஸில், அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஓர் அறை. மூன்றாவது ஜூரோங் வெஸ்ட்டில், வேறொரு சங்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் அறை. இம்மூன்று இடங்களிலும் கம்பியில்லா இணையத்தைத் தடையின்றி ஓடவைக்கும் பொறுப்பு, யாரும் எழுத்தில் கொடுக்காமலேயே, பல ஆண்டுகளாக என் தலையில் இருந்துவருகிறது. “தமிழாசிரியைக்கு இந்த வேலை எதற்கு?” என்று நண்பர்கள் கேட்பதுண்டு. இதில் பாதிக்கு மேல் மொழி சார்ந்த வேலைதான் என்பது என் விடை. அதைச் சற்று விரிவாகச் சொல்லலாம் என்றே இப்பதிவை எழுதுகிறேன்.

தமிழுக்கும் இணையத்துக்கும் இந்த ஊரில் பழைய உறவு உண்டு. 1995 அக்டோபரில் நா. கோவிந்தசாமி அவர்கள் சிங்கப்பூர்க் கவிதைகள் வழியாகத் தமிழை இணையத்தில் ஏற்றிய செய்தியை ஆசிரியர்களில் பலர் அறிவர். அன்று எழுத்துரு ஒன்றை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. பிறகு 2006 டிசம்பரில், பொது இடங்களில் கட்டணமின்றிப் பயன்படுத்தத்தக்க ‘ஒயர்லெஸ்@எஸ்ஜி’ வந்தது. தொடக்கத்தில் விநாடிக்கு 512 கிலோபிட் வேகம். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நூலகத்தில் அமர்ந்து பாடப் பயிற்சிகளைப் பதிவிறக்கிய எங்களுக்கு அது பெரிய வரம். தொடங்கிவைக்கும் நாளில் செய்தி வரும், படம் வரும். அதற்கடுத்த ஆயிரம் நாளும் அது ஓடிக்கொண்டிருக்கிறதே, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நான் எழுத வந்தது அந்த ஆயிரம் நாளைப் பற்றி.

முதலில் கடைவீட்டைச் சொல்கிறேன். லிட்டில் இந்தியா 1989இல் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆகவே முகப்பில் நினைத்தபடி ஆணி அடிக்கவோ ஆண்டெனா பொருத்தவோ முடியாது. இரு கடைவீடுகளுக்கு நடுவே உள்ள பொதுச்சுவர் தடித்த செங்கல் சுவர். வீடு அகலத்தில் குறுகி, நீளத்தில் ஓடுவது. எங்கள் ஒளியிழை இணைப்பு வந்து இறங்கும் பெட்டி கீழே மளிகைக் கடையில் இருக்கிறது. பிள்ளைகள் இருப்பதோ இரண்டு மாடிக்கு மேலே, பின்புற அறையில். அலை நேராக மேலேறி வராது. வெளிச்சத்துக்காகவும் காற்றுக்காகவும் நடுவில் திறந்துவிட்ட முற்றம் ஒன்று அத்தகைய வீடுகளில் உண்டு. அந்த முற்றத்தின் வழியாகவே கீழிருந்து மேலே அலையை ஏற்றினோம். நூறாண்டுகளுக்கு முன்பு அதைக் கட்டிய கொத்தனாருக்கு நன்றி சொல்லவேண்டும்.

அங்கே இன்னொரு தொல்லை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் எண்ணிக்கைக்குப் பதின்மூன்று தடங்கள் இருந்தாலும், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பயன்படுத்தக் கூடியவை மூன்றே. எங்கள் அறையில் நின்று கைப்பேசியைத் திறந்தால், அக்கம்பக்கத்துக் கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகளின் இணைப்புப் பெயர்கள் திரையை நிறைத்துவிடும். எல்லாரும் அந்த மூன்று தடங்களில்தான் முட்டிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிராங்கூன் சாலையில் நடந்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று விளக்கவேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறியபின் நெரிசல் குறைந்தது. ஆனால் அந்த அலை சுவரைக் கண்டால் இன்னும் எளிதாகச் சோர்ந்துவிடும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கவேண்டியிருக்கிறது.

பெற்றோர்களுக்கு இங்கே ஒரு செய்தி. 1998 முதல் கட்டப்பட்ட வீவக வீடுகளில் வீட்டுக் காப்பறை உண்டல்லவா? அரிசி மூட்டையும் பழைய புத்தகமும் அடுக்கி வைக்கிறோமே, அந்த அறைதான். குண்டு விழுந்தாலும் தாங்குவதற்காகத் தடித்த கான்கிரீட்டாலும் இரும்புக் கதவாலும் ஆனது. பல வீடுகளில் திசைவியை, அதாவது ரௌட்டரை, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அதற்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். பிறகு படுக்கையறையில் பிள்ளைக்கு இணையம் வரவில்லை என்று வேகமான திட்டத்துக்கு மாறிப் பணம் கட்டுகிறார்கள். பெட்டியை வெளியே எடுத்து வரவேற்பறையில் உயரமாக வையுங்கள்; மிச்சப் பணத்தில் பிள்ளைக்குத் தமிழ்ப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.

இனி தலைப்புக்கு வருகிறேன்.

2020 ஏப்ரல் 8 முதல் சிங்கப்பூரின் பள்ளிகள் அனைத்தும் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறின. எங்கள் வார இறுதி வகுப்பும் திரைக்குள் புகுந்தது. அந்த வாரங்களில் நான் மிகுதியாகக் கேட்ட வாக்கியம் “நெட் இல்லை டீச்சர்” என்பதுதான். எத்தனை முறை கேட்டேன் என்று கணக்கில்லை. ஆனால் அந்த ஒரே வாக்கியத்துக்கு எத்தனை பொருள் என்பதை எண்ணியிருக்கிறேன். ஒரு வீட்டில் மின்செருகியே கழன்றிருந்தது. ஒரு வீட்டில் இணையம் நன்றாக இருந்தது, கணினியின் ஒலிவாங்கிதான் அணைந்திருந்தது. ஒரு பிள்ளைக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. இன்னொரு வீட்டில் அண்ணன், அக்கா, அப்பா, தம்பி என நால்வரும் ஒரே நேரத்தில் காணொளிக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு பிள்ளைக்கு வகுப்புக்கு வர விருப்பமில்லை; அதுவும் “நெட் இல்லை”தான்! இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. நோயின் பெயர் மட்டும் ஒன்று.

பள்ளிகள் திறந்து நாங்களும் அறைகளுக்குத் திரும்பிய பிறகும் இதே கதை தொடர்ந்தது. நான் இருப்பது ஒரே ஓர் ஆள், இடங்கள் மூன்று. சிராங்கூன் சாலையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கும்போது உட்லண்ட்ஸிலிருந்து அழைப்பு வரும். “நெட் இல்லை.” வகுப்பை முடித்துவிட்டு ரயிலேறி, ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், தரை துடைக்க வந்த மக்சிக் தம் இயந்திரத்தின் செருகியைப் போடுவதற்காக எங்கள் பெட்டியின் செருகியைக் கழற்றியிருப்பார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தச் செருகி எதற்குரியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. “ஜாங்ஙான் சாபுட்” என்று மலாயில் எழுதி ஒட்டியபின், அதாவது ‘பிடுங்காதீர்கள்’ என்று, அந்தத் தொல்லை தீர்ந்தது. மூன்று காசு ஒட்டுத்தாள். அதற்கு முந்தைய ஆறு ரயில் பயணங்களின் செலவை நான் கணக்கிடவில்லை.

இந்தச் சமயத்தில்தான், தொலைவிலுள்ள இடங்களில் கம்பியில்லா வலையமைப்பைக் காப்பாற்றுவது எப்படி என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். உலகம் முழுதும் தேடிய எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் நம் தேனி மாவட்டத்திலிருந்து வந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பற்றி நீங்கள் அறிந்திருப்பீர்கள், டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கியது. அதன் தேனிக் கிளை, சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களை ஏற்படுத்தியது. ஒவ்வொரு மையத்திலும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருவர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியில் அமர்ந்திருக்கும் மருத்துவர் திரை வழியே நோயாளியோடு பேசி, கண்ணாடி போதுமா, அறுவை தேவையா என்று முடிவு சொல்வார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பேருந்தேறி நகரத்துக்குப் போகமுடியாத பாட்டிக்கும் தாத்தாவுக்கும் இது கண் போன்ற உதவி.

அந்தத் திரைக்கு இணையம் வேண்டுமே? 2000களின் நடுவில் அந்த ஊர்களில் காணொளியைத் தாங்கும் இணைப்பு கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் என்னும் பேராசிரியரின் குழுவினர், நாம் வீட்டில் வைத்திருக்கும் அதே வகை வை-ஃபை சாதனத்தை உயர்ந்த கோபுரத்தில் ஏற்றி, திசை நோக்கிய ஆண்டெனாவைப் பூட்டி, 15 கிலோமீட்டர் தொலைவு வரை அனுப்பினார்கள். வை-ஃபைக்கு ‘அருகலை’ என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். தேனியில் அது அருகு என்ற சொல்லையே கேலி செய்திருக்கிறது!

அவ்வளவு தொலைவுக்கு அனுப்பியதில் ஒரு சிக்கல் எழுந்தது. ஆசிரியர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். வருகைப் பதிவு எடுக்கிறோம். “கவிதா” என்று அழைக்கிறோம். “உள்ளேன் டீச்சர்” என்ற குரல் உடனே வரவேண்டும். வராவிட்டால் மீண்டும் அழைக்கிறோம். வை-ஃபை அப்படித்தான் இயங்குகிறது. அனுப்பிய ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மறுமுனையிலிருந்து ‘உள்ளேன்’ வரவேண்டும். வகுப்பறைக்குள் அது நொடியில் வந்துவிடும். ஆனால் கவிதா 15 கிலோமீட்டர் தள்ளி நின்றால்? ஒளியின் வேகத்தில் சென்றாலும் போக 50 மைக்ரோவிநாடி, வர 50 மைக்ரோவிநாடி. வீட்டுக்குள் பயன்படுவதற்கென்று அமைக்கப்பட்ட சாதனத்தின் பொறுமை அவ்வளவு நீளமில்லை. கவிதாவின் குரல் வந்துகொண்டிருக்கும்போதே இந்த ஆசிரியர் மீண்டும் “கவிதா” என்று கத்துவார். இரண்டு குரலும் முட்டிக்கொண்டு குழப்பமே மிஞ்சும். ஆகவே அவர்கள் ஒவ்வொரு பெயருக்கும் பதில் கேட்கும் முறையை விட்டுவிட்டு, இவ்வளவு நேரம் நீ பேசு, அவ்வளவு நேரம் நான் பேசுகிறேன், யார் யார் வந்தார்கள் என்பதை மொத்தமாகச் சொல் என்று முறைவைத்துப் பேசும்படி மென்பொருளை மாற்றினார்கள். இணைப்பு நிலைபெற்றது.

இதுவரை உள்ளது பொறியாளர் கதை. 2008இல் அக்குழுவினர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். ஊரகக் கம்பியில்லா வலையமைப்புகளை உயிரோடு வைத்திருத்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். ‘உயிரோடு’ என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. தேனியிலும் இமயமலையடித் தர்மசாலாவிலும் பெற்ற பல ஆண்டு அனுபவத்தை அதில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். எவ்வளவோ மூளையைச் செலவிட்டு அலையைச் சரிசெய்தார்கள் அல்லவா? கடைசியில் பெரும்பாலும் பழுதானது அலையன்று, மின்சாரம். 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 500 வோல்ட்டுக்கும் மேல் எகிறிய கணங்களை அவர்கள் அளந்திருக்கிறார்கள். அது பெட்டியைக் கருக்கிவிடும். அதைவிடக் கொடியது மின்னழுத்தம் குறைவது. பெட்டி முழுதாக அணைவதும் இல்லை, முழுதாக எழுவதும் இல்லை. விளக்கு எரியும், வேலை நடக்காது. திடீரென மின்சாரம் போகும்போது நினைவட்டையில் எழுதிக்கொண்டிருந்தது சிதைந்து, மறுமுறை பெட்டி விழிக்காது. பிற்பாடு மின்சாரத்தைச் சீர்செய்யும் எளிய கருவிகளை அமைத்தார்கள். பெட்டி தொங்கிப்போனால் தானே அணைந்து எழும்படி செய்தார்கள். முதன்மை இணைப்பு அறுந்தாலும் கைப்பேசி வழியே பெட்டியின் நிலையை எட்டிப் பார்க்க ஒரு புறக்கடை வழியும் வைத்தார்கள்.

எனக்கு மிகப் பயன்பட்டது அடுத்த செய்தி. பழுது நேர்ந்தபோது அந்த இடத்தில் இருந்தவர்களால் எது பழுது என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை. மின்சாரமா, கம்பியா, பெட்டியா, கணினியா, மறுமுனையா? எல்லாமே அவர்களுக்கு ‘இணைப்பு இல்லை’தான். தொலைவில் இருக்கும் நிபுணருக்கு அந்த ஒரு சொல் போதவில்லை. அவர் நேரில் வரவேண்டும். வருவதற்குள் நாள்கள் கழியும். அந்த நாள்களில் கண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். தள ஊழியர்களுக்குப் பயிற்சி தந்து, படிப்படியாகப் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்பது அக்கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட பகுதி.

இதைப் படித்தபோது நான் பொறியியல் கட்டுரை படிப்பதாகவே தோன்றவில்லை. “நெட் இல்லை டீச்சர்” என்பதே அங்கும். நான் நாள்தோறும் வகுப்பில் போராடுவதும் இதே குறையோடுதான். பார்த்ததைப் பார்த்தபடி, ஒன்றையொன்று பிரித்துச் சொல்லத் தெரியாத குறை. படத்தைக் காட்டி விவரி என்றால் “நல்லா இருக்கு” என்று முடித்துவிடும் பிள்ளையும், பெட்டியைப் பார்த்து “வேலை செய்யல” என்று முடித்துவிடும் பெரியவரும் என் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிகிறார்கள்.

ஆகவே நான் பெட்டியை விட்டுவிட்டு வாக்கியத்தைப் பழுதுபார்க்கத் தொடங்கினேன்.

மூன்று இடங்களிலும் பெட்டிக்கு மேலே தமிழில் ஒரு தாள் ஒட்டினேன். பெட்டியின் படம் வரைந்து, விளக்குகளுக்கு இடமிருந்து வலமாக எண் இட்டேன். ஒவ்வொரு விளக்கையும் மூன்று சொற்களில் ஒன்றால்தான் சொல்லவேண்டும்: எரிகிறது, மினுக்குகிறது, அணைந்திருக்கிறது. நிறத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். கம்பியைப் பற்றிச் சொல்லும்போது, கழன்றதா, தளர்ந்ததா, மடங்கியதா, அறுந்ததா என்று சொல்லவேண்டும். தமிழில் இவை நான்கும் நான்கு வினை. ‘போச்சு’ என்ற ஒரு சொல்லில் அவற்றைப் புதைத்துவிடக் கூடாது. அடுத்து, ஒருவருக்கு மட்டும் வரவில்லையா, எல்லாருக்கும் வரவில்லையா? எப்போதிலிருந்து? அதற்குச் சற்று முன்பு அறையில் என்ன மாறியது? இந்தக் கடைசிக் கேள்வி பொன் போன்றது. எதுவும் மாறவில்லை என்றுதான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் மாறியது வெளிவரும்.

இந்தத் தாளை வகுப்பிலும் பாடமாக்கினேன். தொடக்கநிலை நான்காம் வகுப்புப் பிள்ளைகளை இருவர் இருவராக முதுகு காட்டி அமரவைப்பேன். ஒருவர் பெட்டியைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்வதுபோல் சொல்லவேண்டும். மற்றவர் அதைக் கேட்டுத் தாளில் வரையவேண்டும். பிறகு பெட்டியையும் படத்தையும் ஒப்பிடுவோம். “லைட் கண் சிமிட்டுது டீச்சர்” என்றாள் ஒரு சிறுமி. அழகான தொடர். ஆனால் எந்த விளக்கு என்று அவள் சொல்லவில்லை. எதிரில் இருந்த பையன் எல்லா விளக்குக்கும் கண் வரைந்துவிட்டான்! வகுப்பே சிரித்தது. அடுத்த முறை அவள், “இடப்பக்கத்திலிருந்து மூன்றாவது விளக்கு பச்சை நிறத்தில் சிமிட்டுகிறது” என்றாள். வாய்மொழிப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை. பயிற்சித்தாள் நிரப்பிக் களைத்த ஆசிரியர்கள் செய்துபார்க்கலாம்.

கீழ்க்கடை அண்ணாச்சியிடமும் அதே தாள் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். தொடக்கத்தில் அவர் வாயிலிருந்து “டீச்சரம்மா, நெட் செத்துப்போச்சு” என்பதற்கு மேல் ஒன்றும் வராது. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு அவரே அழைத்தால், மறுமுனையில் இருப்பவர் ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விகள் இவருக்குப் புரியாது. இவர் சொல்வது அவருக்குப் புரியாது. கடைசியில் தொழில்நுட்பர் வருகைக்கு நாள் குறித்து, நான்கு நாள் காத்திருப்போம். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

“டீச்சரம்மா, கீழ்ப் பெட்டியில ஒண்ணாவது விளக்கு எரியுது, பச்சை. மூணாவது செவப்பு. கம்பி கழரல, தளரவும் இல்ல.”

“நல்லது அண்ணாச்சி. நேத்திக்கும் இன்னிக்கும் நடுவுல என்ன மாறுச்சு?”

“ஒண்ணும் மாறல... இருங்க. ராத்திரி எண்ணெய் டின் அடுக்க அலமாரியை இந்தப் பக்கம் தள்ளினோம். மஞ்சக் கம்பி அதுக்குப் பின்னால மடங்கியிருக்கு.”

ஒளியிழை கண்ணாடியால் ஆனது. கூர்மையாக மடங்கினால் ஒளி கசிந்துவிடும். அலமாரியை ஒரு சாண் இழுக்கச் சொன்னேன். சிவப்பு அணைந்தது. அன்று பத்து மணி வகுப்பு பத்து மணிக்கே தொடங்கியது. நான் அப்போது ஜூரோங்கில் இருந்தேன். ஒரு செருகியைக்கூட நான் தொடவில்லை.

தொலைவிலிருந்து வரும் ஒரு தெளிவான சொல் எவ்வளவு பெரிய காரியம் செய்யும் என்பதற்கு, நம் ஊரோடு தொடர்புடைய ஒரு நிகழ்வு உண்டு. மா.சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிப் பகுதியில் தகவல் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. வில்லியனூரை நடுவாக வைத்து, சுற்றியுள்ள ஊர்களின் அறிவு மையங்களைக் கம்பியில்லா வானொலிக் கருவிகளால் இணைத்தார்கள். சரியான தொலைபேசி வசதியில்லாத ஊர்கள் அவை. மின்சாரம் நம்பத்தக்கதாக இல்லாததால் கதிரொளித் தகடுகளையும் சேர்த்தே அமைத்தார்கள். தேனிக்குப் பல ஆண்டு முன்பே அவர்கள் மின்சாரத்தைத்தான் முதலில் யோசித்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், கடலலை எவ்வளவு உயரும் என்ற கணிப்பை இணையத்திலிருந்து இறக்கி ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். கணினியைத் தொட்டிராத மீனவருக்கும் அது போய்ச் சேர்ந்தது. மையங்களை நடத்தியவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள், அவர்களில் பெண்கள் பலர்.

அதே திட்டத்தில் நல்லவாடு என்னும் மீனவர் ஊரும் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைக் கேட்டு ஊரிலிருந்த தம் குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழைத்தார். கடல் ஏறி வருகிறது, ஊரை விட்டு வெளியேறுங்கள் என்பதே செய்தி. ஊர் மக்கள் பூட்டியிருந்த அறிவு மையத்தைத் திறந்து, அந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஏறத்தாழ 3,600 பேர் வாழ்ந்த அவ்வூரில் உயிர்கள் தப்பின.

இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் தொலைபேசியை மட்டுமே கவனிக்கிறார்கள். நான் அவர்களை ஒலிபெருக்கியின் பக்கம் திருப்புகிறேன். நாள்தோறும் யாரோ ஒருவர் அந்த மையத்தைத் திறந்து, கருவியைத் துடைத்து, கடல் செய்தியையும் காய்கறி விலையையும் அறிவித்துவந்த பழக்கம் இல்லையென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிபெருக்கி அங்கே இருந்திருக்கலாம், பேசியிருக்குமா? அதை எங்கே அழுத்தினால் பேசும் என்பது ஊராருக்குத் தெரிந்திருக்குமா?

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது கட்டுமானத் தளங்களின் அலுவலகங்களுக்கு வலையமைப்பு அமைத்துப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறார். துவாஸ், கிராஞ்சி, சாங்கியின் ஓரம் என்று சிங்கப்பூரின் விளிம்புகளே அவருடைய பணியிடங்கள். இவ்வளவு சிறிய நாட்டில் ‘தொலைதூர அலுவலகம்’ எங்கே என்று நான் கேலியாகக் கேட்டேன். “டீச்சர், துவாஸில் மதியம் பழுதுன்னா, சாங்கியில இருக்கிற எனக்கு அது தேனிதான்” என்றார்.

அவருடைய பாடு என் பாட்டைவிடப் பெரிது. தள அலுவலகம் என்பது இரும்புக் கொள்கலன். உள்ளே வைத்த அலை வெளியே வராது, வெளியே உள்ள அலை உள்ளே வராது. ஆண்டெனாவை வெளியே நிறுத்தினால் ஆண்டில் நூற்றறுபதுக்கும் மேற்பட்ட நாள்கள் இடி இடிக்கும் ஊர் இது. மின்னல் காப்பு இல்லாமல் எதையும் உயரத்தில் வைக்கமுடியாது. கட்டடமோ வளர்ந்துகொண்டே இருக்கும். நேற்று இரண்டு ஆண்டெனாக்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இன்று புதுத் தளம் எழும்பி நடுவில் நிற்கும். பாரந்தூக்கி திரும்பும்போதெல்லாம் இணைப்பு அறுந்து ஒட்டும். பழுதென்றால் முதலில் பெட்டியருகே போய்ப் பார்ப்பவர் பெரும்பாலும் ஊழியர் ஒருவர்: புதுக்கோட்டைக்காரர், கடலூர்க்காரர், அல்லது பங்களாதேஷிலிருந்து வந்தவர். மேற்பார்வையாளர் அவரை ஆங்கிலத்தில் கேட்பார். அவர் “நோ லைன்” என்பார்.

2020 ஏப்ரலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகளுக்குள்ளேயே இருக்கவேண்டி வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். மனைவி மக்கள் முகத்தைப் பார்க்க அவர்களுக்கு இருந்த ஒரே சாளரம் கைப்பேசி. 2021 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட புதிய விடுதித் தரங்களில் அறைகளுக்கான வை-ஃபையும் இடம்பெற்றது. அந்தப் பெட்டியும் ஒரு நாள் மினுக்கும். அதன் எதிரே நிற்பவருக்கு அதைச் சொல்லத் தெரியவேண்டும். சொல்லத் தெரியாதவர் ஒன்றும் அறியாதவர் என்று மேலே இருப்பவர்கள் எண்ணிவிடுகிறார்கள். என் மாணவர் சொன்ன இன்னொன்றை இங்கே எழுதவேண்டும். ஒரு தளத்தில் பாரந்தூக்கி திரும்பும் நேரத்துக்கும் இணைப்பு அறுவதற்கும் உள்ள தொடர்பை முதலில் கவனித்தவர் ஒரு தமிழ் ஊழியர்தானாம். பல நாளாகத் தெரிந்திருந்தும் யாரும் அவரைக் கேட்கவில்லை. என் மாணவர் தமிழில் கேட்டார். அரை நிமிடத்தில் விடை வந்தது.

என் தாளைத் தளங்களுக்கு ஏற்றபடி அவர் மாற்றியிருக்கிறார். ‘அறையில் என்ன மாறியது?’ என்பது ‘இன்று புதிதாக எது எழும்பியது, எது நகர்ந்தது?’ என்றாகியிருக்கிறது. என் சொற்களில் ஒன்றை அடித்துவிட்டு, ‘திசைவி’ என்ற இடத்தில் ‘வெள்ளைப் பெட்டி’ என்று எழுதியிருக்கிறார். மறுக்க மனம் வரவில்லை. தளத்தில் அது வெள்ளைப் பெட்டிதான். உடன் வேலை செய்யும் ஒருவரைக் கொண்டு வங்காளத்திலும் எழுதிவாங்குகிறார். மினுக்குவதற்கும் எரிவதற்கும் அம்மொழியில் தனித்தனிச் சொல் உண்டா என்று கேட்டேன். உண்டு என்று கேட்டு வந்து சொன்னார்.

தாளின் தமிழ்ப்படி வேண்டும் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன். பெட்டிக்குப் பெட்டி விளக்கின் வரிசை மாறும். படத்தை மட்டும் உங்கள் பெட்டியைப் பார்த்துப் பிள்ளையையே வரையச் சொல்லுங்கள்.